கேள்விக்குறி போட்ட பெயர்கள்

டெய்லர் மாமாவிடம் இரண்டு முனையும் சீவிய பென்சில் ஒன்று இருந்தது. ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். துணியில் கோடு போட அவருக்குச் சாக்குக்கட்டி உண்டு. இந்தப் பென்சில் துணிக்கு இல்லை, ஆட்களுக்கு. தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே அது தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து வெளியே வந்து அவர் காதில் ஏறிவிடும். துணி வெட்டும் பலகையில் எங்கள் பூத்தின் வாக்காளர் பட்டியலை விரித்துப் போட்டு, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, தெருவையே அளவெடுக்க ஆரம்பிப்பார். நீல டிக் போட்டால் நம்ம ஓட்டு. சிவப்பில் பெருக்கல் குறி என்றால் அவர்கள் ஓட்டு. வட்டம் போட்டால் ஆள் செத்துவிட்டார், அல்லது கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள், அல்லது திருப்பூரில் இருக்கிறான்.

தொள்ளாயிரத்துச் சொச்சம் பெயர்களில் கேள்விக்குறி விழுந்தவை மிகக் குறைவு. அதில் ஒன்று எங்கள் அப்பத்தாவுடையது.

எங்கள் வீடு திண்டுக்கல்லில், நாகல்நகர்ப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. சந்து முழுக்கப் பூட்டுப் பட்டறை. காலையில் அரத்தால் ராவுகிற சத்தத்தில்தான் கண் விழிப்போம். தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போகிறவர்கள் நாலைந்து வீடு, தறி போட்டவர்கள் சில வீடு, ஒரு வாத்தியார் வீடு. தண்ணீர்ப் பஞ்சத்தில் பேர் போன ஊர். திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று எங்கள் ஊர்க்காரர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். எந்தக் கட்சிக்காரர் சந்துக்குள் வந்து கும்பிட்டாலும் பெண்கள் முதலில் கேட்பது ஆத்தூர் அணைத் தண்ணீரைப் பற்றித்தான். அவர்களும் எல்லாத் தேர்தலிலும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

டெய்லர் மாமா எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கதை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் அவருக்குக் கட்சி கிடையாது. எல்லாக் கட்சிக் கொடியையும் அவர்தான் தைத்தார். தேர்தல் மாதங்களில் கடைவாசலில் கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி குவிந்து கிடக்கும். மிச்சத் துண்டுகளை அம்மா கேட்டு வாங்கித் தலையணை உறை தைத்துவிடுவாள். நாட்டில் எந்தக் காலத்திலும் ஏற்படாத கூட்டணி எல்லாம் எங்கள் வீட்டுத் தலையணையில் ஏற்பட்டிருந்தது.

ஒருவர் ஓட்டை அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பது எனக்குப் பெரிய வியப்பு. கேட்டால், "வேட்டிக் கரையப் பார்த்தாலே தெரியும்டா" என்பார். அது பாதி உண்மை. மீதி, அவர் கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் பேச்சிலிருந்து பிரித்தெடுப்பது. பட்டறையில் யூனியன் சந்தா கட்டுகிறவர் அரிவாள். சந்தில் பாதிப் பெண்கள் எம்.ஜி.ஆருக்காக இலை. வாத்தியார் சூரியன். கதர்ச் சட்டை போட்ட பலசரக்குக் கடைத் தாத்தா, காளை மாடு போய், பசுவும் கன்றும் போய், கை வந்த பிறகும் காங்கிரஸ். இதில் கூட்டணிக் கணக்கு வேறு இருக்கிறது. 1980-இல் எங்கள் தொகுதியில் சட்டசபைச் சீட்டில் இலையைத் தேடினால் கிடைக்காது. கூட்டணியில் மார்க்சிஸ்ட் கட்சியின் என். வரதராஜன் நின்றார். இலைக்குக் குத்திப் பழகிய கிழவிகளுக்கு, 'இந்தத் தடவை அரிவாள்தான் இலை' என்று வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்தினார்களாம். அவர் ஜெயித்தார். கிழவிகள் பாடத்தைச் சரியாகப் படித்திருக்கிறார்கள்.

அப்பத்தா விஷயத்தில் மட்டும் மாமாவின் அளவு தப்பியது. அவள் எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் போவாள். எல்லோர் கொடுத்த நோட்டீஸையும் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். யாரையும் திட்டவும் மாட்டாள், புகழவும் மாட்டாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் மாமா திண்ணையில் வந்து உட்கார்ந்து, "ஆத்தா, இந்தத் தடவ எதுக்கு?" என்று கேட்பார்.

"எதுக்கா? ஓட்டுக்குத்தான்."

ஒரு தடவை அவர் விடாமல் நச்சரித்தபோது அப்பத்தா வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏப்பா, எனக்கு ரவிக்கை தைக்கிறியே, அந்த அளவ ஊருல எவன்கிட்டயாச்சும் சொல்லியிருக்கியா? இதையும் அப்பிடி வச்சுக்க."

கட்டினவருக்கே சொல்லாதவள் அவள். 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் பின்னால் வந்தது போல ஒரே பெட்டி கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி, பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டில் எதையும் குத்த வேண்டாம். வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். தாத்தா பூத்து வாசல் வரை கூடவே போய், "மாட்டுப் பெட்டி, மறந்துறாத" என்றாராம். வெளியே வந்ததும் "மாட்டுலதான போட்ட?" என்றாராம். அப்பத்தா, "மறைப்புக்குள்ள விட்டது எதுக்கு?" என்று கேட்டாளாம். 1983-இல் தாத்தா சாகிற வரைக்கும் அந்தக் கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பத்தாவுக்குச் சிரிப்பு வந்து புரையேறும்.

தனித்தனிப் பெட்டி என்பதால் அந்தத் தேர்தலுக்குப் பெட்டிகள் லட்சக்கணக்கில் தேவைப்பட்டன. பம்பாய் விக்ரோலியில் கோத்ரெஜ் கம்பெனி மட்டும் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் செய்து கொடுத்தது. வெளியே பூட்டுத் தொங்கவிட்டால் செலவு கட்டாது என்று உள்ளேயே பூட்டிக்கொள்கிற மாதிரி அமைத்தார்கள். இது எனக்குப் பின்னால் படித்துத் தெரிந்தது. எங்கள் சந்துப் பட்டறைப் பெரியப்பா இதைப் படிக்காமலே கண்டுபிடித்திருந்தார். "அவ்வளவு பெரிய பெட்டிக்கு ஒரு பூட்டு இல்ல. நம்மகிட்ட கேட்டிருந்தா ஆளுக்கொரு மாங்காப் பூட்டு அடிச்சுக் கொடுத்திருக்க மாட்டமா?" தொழில்காரனின் ஆதங்கம்.

எனக்கு நினைவு தெரிந்த முதல் தேர்தல் 1984 டிசம்பர் 24. எனக்கு எட்டு வயது. இந்திரா காந்தி சுடப்பட்டு இரண்டு மாதம் ஆகவில்லை. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் நின்றார். அவர் ஆஸ்பத்திரியில் சாப்பிடுகிற, பேசுகிற வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் சந்து முனையில் டி.வி. பெட்டியை மேசைமேல் ஏற்றிக் காட்டியபோது பெண்கள் வாய்பொத்தி அழுதார்கள். அப்பத்தாவும் அழுதாள். டெய்லர் மாமா பட்டியலை எடுத்து அவள் பெயருக்கு நேரே பென்சிலைக் கொண்டுபோனதை நான் பார்த்தேன். யோசித்தார். பிறகு குறி போடாமலே மூடிவிட்டார். "பராசக்தி படத்துக்கும்தான் ஆத்தா அழுதுச்சு" என்றார்.

ஓட்டுப் போட அப்பத்தா கோயிலுக்குப் போகிற மாதிரி கிளம்புவாள். தலைக்குக் குளித்து, சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை கட்டி, சுருக்குப் பையில் சில்லறை போட்டுக்கொண்டு. நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். பூத்து நாங்கள் படிக்கிற பள்ளிக்கூடத்தில்தான். எங்கள் மூன்றாம் வகுப்பு பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கி, வாய்ப்பாடு தொங்கிய மூலையில் அட்டை மறைப்பு வைத்திருந்தார்கள். சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஒரே நாளில் தேர்தல் என்பதால் அவளுக்கு இரண்டு சீட்டு: ஒன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு. அதிகாரி மடிப்பதற்குச் சொல்லிக்கொடுத்தார். முதலில் நீளவாக்கில் மடிக்க வேண்டும், அப்புறம்தான் குறுக்காக. மாற்றி மடித்தால் ஈர மை பக்கத்துச் சின்னத்தில் ஒட்டிக்கொண்டு ஓட்டு செல்லாததாகிவிடும். அப்பத்தா, "சேலை மடிக்கத் தெரியாதா சாமி எனக்கு?" என்றாள்.

எனக்கு மை வேண்டும். விரலை நீட்டினேன். அதிகாரி சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அழுதுகொண்டே வந்தேன்.

அன்று மாலை பட்டறைப் பெரியப்பா மகன் ஒரு யோசனை சொன்னான். வண்ணார் துணியில் குறி போடுகிற சேராங்கொட்டை. அந்தச் சாறு பட்டால் எத்தனை வெளுப்புக்கும் போகாது. கொட்டையில் ஊசியைக் குத்தி, வந்த கறுப்புச் சாற்றை ஆறு பையன்கள் வரிசையாக நின்று இடதுகை ஆள்காட்டி விரலில் வைத்துக்கொண்டோம். வாய்ப்பாட்டு அட்டையை மறைப்பாக வைத்து, நோட்டுத் தாளில் ஓட்டும் போட்டோம். பிரமாதமாகத்தான் இருந்தது, ராத்திரி வரைக்கும். விடிந்தபோது விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கொப்பளித்திருந்தது. ஆறு வீட்டிலும் அடி விழுந்தது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டே அப்பத்தா கேட்டாள்: "யாருக்குடா போட்ட?" நான் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். "சொல்லக் கூடாதுடா" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். அந்தத் தழும்பு இன்றும் கொஞ்சம் இருக்கிறது, விரலில்.

1989 ஜனவரித் தேர்தலுக்குள் நான் பன்னிரண்டு வயதுக்காரன், கையெழுத்து அழகாக இருக்கிறதென்று பேர் வாங்கியவன். டெய்லர் மாமா என்னைச் சிலிப் எழுதக் கூட்டிக்கொண்டார். அப்போது சிலிப்பை அரசாங்கம் கொடுக்காது, கட்சிக்காரர்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். பாகம் எண், வரிசை எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வீட்டு எண். பட்டியலில் போட்டோ கிடையாது. வாக்காளர் அடையாள அட்டை என்பது சேஷன் காலத்தில், 1993-க்குப் பிறகு வந்த சமாச்சாரம். வரிசை எண் தெரிந்தவன்தான் ஓட்டுக்காரன். ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பத்தரை வரை எழுதுவோம். கூலி இரண்டு பரோட்டா, ஒரு கலர்.

அந்தத் தேர்தல் மாமாவின் பென்சிலுக்கு வந்த சோதனை. எம்.ஜி.ஆர். இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கட்சி இரண்டாக உடைந்து, இரட்டை இலையை முடக்கிவிட்டார்கள். ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்களில் சுண்ணாம்பு காய்வதற்குள் சேவலும் புறாவும் ஏறின. பழைய சுவர்களில் இலைக்கு மேலேயே சேவலை வரைந்திருந்தார்கள். வெயில் ஏற ஏறச் சேவலின் வயிற்றுக்குள் இலை தெரியும். வீட்டுக்குள்ளேயே பிளவு. தோல் ஷாப் அண்ணன் புறா, அவர் பெண்சாதி சேவல். மூன்று நாள் சோறு பொங்கவில்லை என்று கேள்வி. காங்கிரஸ் மூப்பனார் தலைமையில் தனியாக நின்றது. நாலு முனைப் போட்டி. டிக்கும் பெருக்கலும் வைத்து நாலு பேரைப் பிரிப்பது எப்படி? மாமா டிக்கை அழித்துப் பெருக்கல் போட்டார், பெருக்கலை அழித்துக் கேள்விக்குறி போட்டார். பட்டியலில் சில இடங்களில் தாளே ஓட்டையாகிவிட்டது.

ஓட்டுக்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி, கடையில் நானும் அவரும் மட்டும். "தம்பி, கேள்விக்குறி போட்டது எல்லாத்துக்கும் இன்னொரு செட்டு எழுதிரு. முதல்ல எழுதுனது எங்கயோ தொலைஞ்சுபோச்சு" என்றார். நான் எழுதினேன். அதில் அப்பத்தா பெயர் வந்தபோது கொஞ்சம் கூடுதல் அழகாக எழுதினேன். முதல் செட்டுச் சிலிப் எங்கள் வீட்டு மாடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கத் தோன்றவில்லை. மனம் பரோட்டாவில் இருந்திருக்கும்.

ஜனவரி 21. அப்பத்தா சமையலை முடித்துவிட்டுப் பதினோரு மணிக்குப் போனாள். நான் சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம், பந்தலில் நின்றேன். உள்ளே நடந்ததை அவள் வாயால் பிறகு நூறு தடவை கேட்டிருக்கிறேன். முதல் மேசை அதிகாரி வரிசை எண்ணைச் சத்தமாக வாசித்துவிட்டு, "இது காலையிலயே ஆயிருச்சேம்மா" என்றிருக்கிறார். "எது ஆயிருச்சு?" "உங்க ஓட்டு." அப்பத்தா இடது கையை மேசைமேல் விரித்து வைத்திருக்கிறாள். ஐந்து விரலிலும் மை இல்லை.

உள்ளே ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தது டெய்லர் மாமா. யாராவது ஆள் மாறி வந்தால் ஏஜெண்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். அதற்குச் சேலஞ்ச் ஓட்டு என்று பெயர். ஏஜெண்டுகளைத் தெருவிலிருந்து பொறுக்கி உட்கார வைப்பதே அதற்காகத்தான். காலையில் அப்பத்தா பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ ஒருத்தி வந்து மை வைத்துக்கொண்டு போனபோது அவர் இரண்டு ரூபாயை எடுக்கவில்லை. "டீ குடிக்க எந்திரிச்சுப் போன நேரம் ஆத்தா, எனக்குத் தெரியாது" என்றாராம்.

அப்பத்தா கத்தவில்லை. அங்கேயே நின்றாள். பின்னால் வரிசை நின்றது. பூத்துத் தலைமை அதிகாரி வெளியூர் வாத்தியார் போலிருக்கிறது, நல்ல மனுஷன். அவளிடம் புருஷன் பெயர், வீட்டு எண் எல்லாம் கேட்டு, டெண்டர் ஓட்டு என்று ஒன்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒருவர் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால், உண்மையான ஆளுக்கு இன்னொரு சீட்டு தர வேண்டும். பின்பக்கம் அதிகாரி தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். குத்தலாம், மடிக்கலாம். ஆனால் பெட்டியில் போடக் கூடாது. தனி உறையில் போய்விடும். வழக்கு, கோர்ட்டு என்று போனால்தான் அந்த உறைக்கு வேலை, எண்ணிக்கையில் சேராது. அப்பத்தா குத்தி, நீளவாக்கில் மடித்து, குறுக்காக மடித்து, பழக்கத்தில் பெட்டியை நோக்கி நடந்திருக்கிறாள். அதிகாரி கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"பெட்டியில விழாத ஓட்டு ஓட்டா சாமி?"

"எழுதி வச்சிருக்கோம்மா. நீங்க வந்ததுக்கு இது சாட்சி."

வீட்டுக்கு வந்து சுருக்குப் பையை அவிழ்த்தாள். இரண்டு சிலிப் இருந்தது. ஒன்று அவள் கொண்டுபோனது. இன்னொன்று மேசைக்கடியில் கிடந்ததை அதிகாரி, 'காலையில வந்தவங்க கொடுத்தது' என்று எடுத்துக் காட்டியது. அப்பத்தாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் அவள் பெயர் பழனியம்மாள். என்னுடைய 'ழ'வின் வால் கீழே போய்ச் சுழித்துத் திரும்பி மேலே வரும். வாத்தியார் பாராட்டினார் என்று நானே அவளிடம் பத்து முறை காட்டியிருக்கிறேன். இரண்டு சிலிப்பிலும் அந்த வால் இருந்தது.

ஒன்றும் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்து, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி கிடந்த தகர டப்பாவில் போட்டு மூடினாள். "சாப்பிட வா" என்றாள். அன்று என்ன குழம்பு என்று எனக்கு நினைவில்லை.

அந்தத் தேர்தலில் தி.மு.க. 150 இடம் பிடித்துப் பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தது, சேவல் 27. சில வாரங்களில் அணிகள் சேர்ந்து, இலை திரும்பி வந்தது. சுவரில் சேவலுக்கு மேலே மறுபடி இலை ஏறியது. அந்த வருஷம் நவம்பரில் பார்லிமெண்ட் தேர்தல். பதினெட்டு வயதுக்காரர்களுக்கு முதல் முறையாக ஓட்டு வந்தது. எங்கள் சின்ன அத்தை பத்தொன்பது வயதில் முதல் ஓட்டுப் போட்டாள். மாமா சிலிப் எழுதக் கூப்பிட்டார். நான் கையில் சுளுக்கு என்று சொன்னேன். அப்பத்தா அன்று பள்ளிக்கூடத்தின் வெளிக்கதவைத் திறப்பதற்கு முன்பே போய் முதல் ஆளாக நின்றாள். அதற்குப் பிறகு உயிரோடு இருந்த எல்லாத் தேர்தலிலும் அப்படித்தான். ராஜீவ் காந்தி கொலையால் தள்ளிப்போன 1991 ஜூன் 15 உட்பட. டெய்லர் மாமாவோடு பேச்சை நிறுத்தவில்லை. ரவிக்கையை மட்டும் வேறு கடையில் தைத்துக்கொண்டாள்.

மாமா பென்சிலில் போட்ட கணக்கு இன்றைக்கு அச்சிலேயே வந்துவிடுகிறது. ஓட்டுப் பெட்டிக் காலத்தில் எண்ணுகிற மண்டபத்தில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கட்டு கட்டாகப் போகிற சீட்டுகளைக் கண்ணால் அளந்துதான் ஏஜெண்டுகள் குத்துமதிப்புச் சொல்வார்கள். இப்போது படிவம் 20-ஐ எடுத்தால் எந்த பூத்தில் யாருக்கு எத்தனை என்று ஒற்றை ஓட்டு வரை இருக்கிறது. பல மெஷின்களின் ஓட்டைக் கலந்து எண்ணுகிற டோட்டலைசரைத் தேர்தல் ஆணையம் 2008-இல் யோசனையாகச் சொன்னது, சட்ட ஆணையமும் 2015-இல் பரிந்துரைத்தது. நடக்கவில்லை. எந்தச் சந்து தனக்குப் போடவில்லை என்று தெரிந்துகொள்வதில் ஜெயித்தவருக்கு இருக்கிற ஆசை லேசில் விடக்கூடியதில்லை. தண்ணீர் லாரி எந்தச் சந்துக்குள் திரும்ப வேண்டும் என்பதும் அதில்தானே இருக்கிறது.

அப்பத்தா 1994-இல் இறந்துபோனாள். 1996 தேர்தலில் எனக்கு முதல் சட்டசபை ஓட்டு. பந்தலில் மாமா உட்கார்ந்திருந்தார். கண்ணாடி தடித்திருந்தது; பென்சில் சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பட்டியலைப் புரட்டினார். எங்கள் வீட்டு எண்ணில் முதல் பெயர் அப்பத்தா. நீக்கவில்லை. அதற்கு நேரே வட்டமும் இல்லை, பழைய கேள்விக்குறியும் இல்லை.

"ஆத்தா பேரு அப்பிடியே கெடக்குடா" என்றார்.

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவள் பெயரைச் சுற்றி வட்டம் போட்டேன். போதவில்லை என்று தோன்றியது. வரிசை எண்ணை யாரும் வாசிக்க முடியாதபடி குறுக்கும் நெடுக்குமாக அடித்தேன், தாள் கிழிகிற வரைக்கும். மாமா தடுக்கவில்லை. நான் மூடியைப் போட்டுப் பேனாவைச் செருகிய பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இது என் லிஸ்ட்டுதானப்பா. உள்ள ஆபீசர்கிட்ட இருக்கறதுல ஆத்தா இருக்காகல்ல."